பழைய ஜீப்புக்கு எந்த பேட்டரி? பதில் வண்டியிடம் இருக்கிறது

வத்தல்மலையிலிருந்து மாலையில் கிளம்பும்போது ஜீப் செல்ஃப் எடுக்கவில்லை. சாவியைத் திருப்பினால் உள்ளே ‘டக்’ என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். வண்டி இறக்கத்தைப் பார்த்து நின்றிருந்ததால் பிழைத்தோம். நாலு பேர் கைவைத்துத் தள்ள, இரண்டாவது கியரில் கிளட்சை விட்டதும் இன்ஜின் பிடித்துக்கொண்டது. அந்த பேட்டரி வாங்கி பதினான்கு மாதம்தான் ஆகியிருந்தது. கடையில் இருந்ததிலேயே பெரியது, தண்ணீர் ஊற்றத் தேவையில்லாத வகை, விலையும் அதற்கேற்ப. அதற்கு முன் அதே வண்டியில் இருந்த சாதாரண பேட்டரி நாலு வருஷம் உழைத்திருந்தது.

மறுநாள் தருமபுரியில் ஒரு ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் வண்டியைக் கொண்டுபோனேன். பேட்டரியில் ஏதோ கோளாறு என்றுதான் சொன்னேன். அவர் பேட்டரியைப் பார்க்கவே இல்லை. வண்டியை ஸ்டார்ட் செய்யச் சொல்லி, ஆக்சிலரேட்டரை மிதிக்கச் சொல்லி, மல்டிமீட்டரை டெர்மினலில் வைத்தார். 15.2 வோல்ட் காட்டியது. “தம்பி, பழைய பேட்டரிக்கு மாசாமாசம் தண்ணி ஊத்திக்கிட்டு இருந்தீங்களா?” என்று கேட்டார். ஆமாம், ஊற்றிக்கொண்டுதான் இருந்தேன். அது பேட்டரியின் குணம் என்று நினைத்திருந்தேன். வண்டி அளவுக்கு மீறி சார்ஜ் கொடுத்து தண்ணீரைக் கொதிக்கவைத்துக்கொண்டிருந்தது என்பது அன்றைக்குத்தான் புரிந்தது. பழைய பேட்டரியில் போன தண்ணீரை நான் திரும்ப ஊற்றியதால் அது தாக்குப்பிடித்தது. புதியதில் ஊற்ற வழியில்லை, உள்ளே வறண்டு போனது. காரணம், சார்ஜ் வோல்டேஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரை பாடியோடு பிடித்திருந்த போல்ட் துருப்பிடித்திருந்ததுதான். எர்த், அதாவது பாடியோடு உள்ள மின் இணைப்பு, சரியில்லாத ரெகுலேட்டர் பேட்டரியின் வோல்டேஜைக் குறைவாகக் கணக்கிடும். இன்னும் சார்ஜ் வேண்டும் என்று நினைத்து மேலே மேலே ஏற்றிக்கொண்டே இருக்கும். போல்ட்டைக் கழற்றி உப்புத்தாள் போட்டுத் தேய்த்து மாட்டியதும் 14.2-க்கு வந்து நின்றது.

பேட்டரி கடையில் நாம் முதலில் கேட்பது, கடைக்காரர் முதலில் சொல்வது எல்லாம் ‘எத்தனை ஆம்பியர்’ என்பதைத்தான். பழைய வண்டிக்கு அது மூன்றாவது கேள்வி. இந்த வண்டி எவ்வளவு வோல்ட் சார்ஜ் கொடுக்கிறது என்பது முதல் கேள்வி. பேட்டரி எங்கே, எப்படி உட்காரப்போகிறது என்பது இரண்டாவது. இந்த இரண்டுக்கும் பதில் தெரியாமல் எவ்வளவு பணம் கொடுத்தாலும் அது குருட்டாம்போக்குதான்.

தருமபுரி, கிருஷ்ணகிரி என்ற நம் இரண்டு மாவட்டங்களிலும் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும், நான்கு சக்கரமும் இழுக்கும் பழைய ஜீப் வகை வண்டிகளை நினைத்துப் பாருங்கள். சித்தேரி, வத்தல்மலை, அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை பக்கங்களில் மஹிந்திராவின் எம்எம் 540, மேஜர், கமாண்டர், ஆரம்பகால பொலேரோ, இடையிடையே மாருதி ஜிப்ஸி. மாந்தோப்பு வைத்திருப்பவர்கள், எஸ்டேட் பார்ப்பவர்கள், வாரக்கடைசியில் மலை ஏறுபவர்கள் என்று வைத்திருப்பவர்கள் பலவிதம். இந்த வண்டிகளில் பெரும்பாலானவற்றில் கம்ப்யூட்டர் கிடையாது, சென்சார் கிடையாது. பேட்டரி, டைனமோ, ரெகுலேட்டர், செல்ஃப், நாலு ஒயர். அதனால் ஒருவகையில் நமக்கு வேலை சுலபம். எல்லாவற்றையும் ஒரு மல்டிமீட்டரை வைத்து நாமே சோதித்துவிடலாம்.

டைனமோ என்று நாம் எல்லாவற்றையும் சொன்னாலும், உண்மையான டைனமோ மிகப் பழைய ஜீப்புகளில்தான் இருந்தது. அது ஐடிலிங்கில் ஏறக்குறைய சார்ஜே கொடுக்காது. அதற்குப் பின் வந்ததெல்லாம் அதே சார்ஜ் வேலையைச் செய்யும் ஆல்டர்நேட்டர். ஆரம்பகால வில்லிஸ் ஜீப்புகளில் 6 வோல்ட் அமைப்பு இருந்தது. பலர் அதை 12 வோல்ட்டுக்கு மாற்றிவிட்டார்கள். ராணுவ ஏலத்தில் வந்த சில வண்டிகளில் 24 வோல்ட் இருக்கும், இரண்டு 12 வோல்ட் பேட்டரிகளை வரிசையாக இணைத்திருப்பார்கள். அப்படிப்பட்ட வண்டியில் ஒரு பேட்டரியை மட்டும் புதிதாக மாற்றக் கூடாது. புதியதும் பழையதும் ஒரே சீராக சார்ஜ் ஏறாது, புதியதும் சீக்கிரம் கெடும். மாற்றினால் ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும்.

சரி, பேட்டரிக்குள் என்ன நடக்கிறது என்பதைக் கொஞ்சம் பார்த்துவிடலாம். 1859-ல் பிரான்ஸ் நாட்டின் கஸ்தோன் பிளாண்டே செய்த ஈய-அமில பேட்டரியின் அடிப்படை இன்றைக்கும் மாறவில்லை. ஒரு 12 வோல்ட் பேட்டரிக்குள் ஆறு செல். ஒவ்வொன்றும் ஏறக்குறைய 2.1 வோல்ட். ஆறும் சேர்ந்தால் 12.6. ஒவ்வொரு செல்லிலும் ஈயத் தகடும், ஈய டை ஆக்சைடு பூசிய தகடும் மாறிமாறி நிற்க, நடுவே நீர்த்த கந்தக அமிலம். மின்சாரம் எடுக்கும்போது இரண்டு தகடுகளிலும் ஈய சல்பேட் படிகிறது, அமிலம் நீர்த்துப்போகிறது. சார்ஜ் ஏற்றும்போது அந்த சல்பேட் கரைந்து பழைய நிலைக்குத் திரும்புகிறது. பாதி சார்ஜில் வாரக்கணக்கில் நிறுத்திவைத்தால் அந்த சல்பேட் கெட்டியாகிப் படிகமாகிவிடும். பிறகு எவ்வளவு சார்ஜ் போட்டாலும் முழுதாகக் கரையாது. ‘சார்ஜ் நிக்கல’ என்று சொல்லும் பேட்டரிகளில் பெரும்பாதி இந்த வகையில் போனவைதான்.

இந்த ஊரில் பேட்டரியைக் கொல்பவை வெயிலும் குலுக்கலும். இதை முதலில் மனதில் வைத்தால்தான் கடையில் காட்டும் எண்களைச் சரியாகப் படிக்க முடியும். பெட்டிமேல் ‘சிசிஏ’ என்று ஒரு எண் போட்டிருப்பார்கள். மைனஸ் 18 டிகிரி குளிரில், 30 வினாடிக்கு, வோல்டேஜ் 7.2-க்குக் கீழே போகாமல் எவ்வளவு ஆம்பியர் கொடுக்கும் என்பதுதான் அது. பனி உறையும் நாடுகளில் விடியற்காலையில் வண்டி எடுக்க வேண்டியவர்களுக்காகச் செய்த அளவு. ஓசூர், தளி பக்கம் மார்கழி விடியலில் நடுக்கும் என்பது உண்மை. ஓசூர் கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஆனாலும் அந்தக் குளிர் பேட்டரிக்கு ஒரு பொருட்டே இல்லை. இரண்டு பேட்டரிகளை ஒப்பிடும்போது எது ஒரே நேரத்தில் அதிக விசையாகத் தள்ளும் என்று பார்க்க சிசிஏ உதவும். அதையே பெரிதாக நினைத்துக் கூடுதல் பணம் கொடுப்பதில் பலன் இல்லை. தவிரவும், அதே அளவு பெட்டிக்குள் சிசிஏ கூட வேண்டுமானால் தகடுகளை மெல்லியதாக்கி எண்ணிக்கையைக் கூட்டுவது ஒரு வழி. மெல்லிய தகடு வெப்பத்துக்கும் குலுக்கலுக்கும் சீக்கிரம் இடம் கொடுக்கும்.

வெப்பம் செய்யும் வேலை கண்ணுக்குத் தெரியாது. பத்து டிகிரி கூடினால் உள்ளே நடக்கும் வேதிவினையின் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது பொதுவான கணக்கு. தகடுகளின் அரிப்பும் அதே வேகத்தில் கூடும். சித்திரை வெயிலில் தருமபுரியில் நிழலிலேயே 38, 39 டிகிரி அடிக்கும். பானட்டுக்குள் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பேட்டரியின் நிலைமையை யோசித்துக்கொள்ளுங்கள். தொப்பூர் கணவாயில் லாரிகளுக்குப் பின்னால் முதல் கியரில் ஊர்ந்துவிட்டு வண்டியை நிறுத்திப் பேட்டரியைத் தொட்டுப் பாருங்கள், கை வைக்க முடியாது. கோடையில் அரைகுறையாக அரித்துப்போன பேட்டரிதான் ஐப்பசி மழையிலும் மார்கழிக் குளிரிலும் காலை வாருகிறது. குளிரின் மேல் பழி போட்டுவிடுகிறோம்.

அப்புறம் குலுக்கல். மலைப்பாதைக் கல்லில் ஏறி இறங்கும் ஒவ்வொரு முறையும் தகட்டில் பூசியிருக்கும் பொருள் கொஞ்சம் கொஞ்சமாக உதிர்ந்து அடியில் சேர்கிறது. அது உயர்ந்து தகடுகளின் அடியைத் தொட்டுவிட்டால் அந்த செல் ஷார்ட். பேட்டரி 12.6-க்குப் பதிலாக பத்தரை வோல்ட் காட்டினால் ஒரு செல் போய்விட்டது என்று அர்த்தம். பழைய ஜீப்புகளில் பேட்டரித் தட்டு துருப்பிடித்து அரித்திருக்கும், மேலே அழுத்திப் பிடிக்கும் கிளாம்ப் எப்போதோ காணாமல் போயிருக்கும், சைக்கிள் டியூபை வெட்டிக் கட்டியிருப்பார்கள். டியூப் இழுபடும், அதனால் பேட்டரி ஒவ்வொரு குழியிலும் எகிறிக் குதிக்கும். புது பேட்டரி வாங்கும் முன் லேத் பட்டறையில் சொல்லி ஒரு தட்டும், குறுக்குப் பட்டையும், இரண்டு பக்கமும் நட் போட்ட கம்பியும் செய்துகொள்ளுங்கள். அடியில் ஒரு ரப்பர் ஷீட் விரியுங்கள். கையால் பிடித்து ஆட்டினால் வண்டிதான் ஆட வேண்டும், பேட்டரி தனியாக ஆடக் கூடாது. இதற்குச் செலவாகும் சில நூறு ரூபாய் பேட்டரி விலையில் ஆயிரம் ரூபாய் கூட்டிக் கொடுப்பதைவிடப் பெரிய பலன் தரும் என்று உறுதியாகச் சொல்வேன்.

இப்போது முதல் கேள்விக்கு வருவோம். இரவு முழுக்க நின்ற வண்டியில், காலையில் எதையும் போடாமல் டெர்மினலில் மீட்டரை வையுங்கள். 12.6-க்கு மேல் இருந்தால் முழு சார்ஜ். 12.4 என்றால் முக்கால். 12.2 என்றால் பாதி. 12 என்றால் கால்வாசிதான் மிச்சம். அடுத்து வண்டியை ஸ்டார்ட் செய்து, ஐடிலிங்கைவிடக் கொஞ்சம் கூட்டி வைத்து, ஹெட்லைட் இல்லாமல் ஒருமுறை, ஹெட்லைட்டும் ஹாரனும் போட்டு ஒருமுறை பாருங்கள். 13.8-க்கும் 14.4-க்கும் நடுவில் நின்றால் சார்ஜிங் நன்றாக இருக்கிறது. 13.5-ஐத் தாண்டவில்லை என்றால் பெல்ட் தளர்ந்திருக்கலாம், ஆல்டர்நேட்டர் பிரஷ் தேய்ந்திருக்கலாம், ஒயரில் எங்காவது துரு இருக்கலாம். 14.7-ஐத் தாண்டினால் ரெகுலேட்டரையும் அதன் எர்த்தையும் பார்க்காமல் புது பேட்டரியை உள்ளே வைக்கவே கூடாது. ஒரு செல்லுக்கு 2.4 வோல்ட் என்ற அளவைத் தாண்டும்போது தண்ணீர் ஹைட்ரஜனாகவும் ஆக்ஸிஜனாகவும் பிரிந்து வெளியேறத் தொடங்குகிறது. ஆறு செல்லுக்குக் கணக்குப் போட்டால் 14.4. நல்ல ரெகுலேட்டர்கள் அந்த எல்லையைச் சுற்றியே நிற்பதற்கு அதுதான் காரணம்.

பேட்டரி வகையைத் தேர்ந்தெடுக்கும் இடம் இதுதான். மூடி கழற்றித் தண்ணீர் ஊற்றும் பழைய வகையில் தகட்டு ஈயத்தோடு ஆன்டிமனி கலந்திருக்கும். தண்ணீர் குடிக்கும், ஆனால் 13.8 வோல்ட்டிலேயே ஓரளவு நன்றாக சார்ஜ் ஏறும், மீறிய சார்ஜையும் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும். கால்சியம் கலந்த ‘மெயின்டனன்ஸ் ஃப்ரீ’ வகை தண்ணீரை அதிகம் இழக்காது, சும்மா நின்றாலும் சார்ஜ் மெதுவாகத்தான் இறங்கும். ஆனால் அது முழுதாக நிரம்ப 14.4 பக்கம் கேட்கும். பழைய ரெகுலேட்டர் 13.8-லேயே நிறுத்திக்கொண்டால் அந்த பேட்டரி ஆயுள் முழுக்க அரைவயிற்றோடு கிடந்து சல்பேட் பிடித்துச் சாகும். ரெகுலேட்டர் 15 கொடுத்தால் என் பேட்டரிபோல வறண்டு சாகும். இரண்டுக்கும் நடுவில், ஒரு பக்கத் தகட்டில் ஆன்டிமனியும் மறுபக்கத்தில் கால்சியமும் வைத்த ‘ஹைப்ரிட்’ வகை வருகிறது. தண்ணீர் குறைவாகக் குடிக்கும், மூடியும் கழற்றலாம். வெளியே தனியாக ரெகுலேட்டர் வைத்த பழைய டீசல் ஜீப்புக்கு மூடி கழற்றக்கூடிய ஒன்றையே நான் வாங்குவேன், பிறருக்கும் அதையே சொல்வேன். தண்ணீர் எவ்வளவு சீக்கிரம் குறைகிறது என்பது ஒரு இலவச மீட்டர். சார்ஜிங் எகிறினால் அது முதலில் நமக்குச் சொல்லிவிடும். ஆறு செல்லிலும் சமமாகக் குறைந்தால் சார்ஜிங் கோளாறு, ஒரே செல்லில் மட்டும் குறைந்தால் அந்த செல் கெட்டுக்கொண்டிருக்கிறது. மூடிய பேட்டரியில் இருக்கும் பச்சைக் கண் ஒரே ஒரு செல்லைத்தான் காட்டும், மற்ற ஐந்தைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. ஆல்டர்நேட்டருக்குள்ளேயே மின்னணு ரெகுலேட்டர் இருந்து, மீட்டர் 14.2, 14.4 காட்டும் வண்டியென்றால் மூடிய வகையைத் தயங்காமல் வாங்கலாம்.

ஏஜிஎம் என்று ஒன்று இருக்கிறது. கண்ணாடி நார் விரிப்பில் அமிலத்தை உறிஞ்சி வைத்திருப்பார்கள். குலுக்கலைத் தாங்கும், வண்டி சாய்ந்தாலும் கவிழ்ந்தாலும் அமிலம் கொட்டாது. காட்டுவழியில் கடுமையாக ஓட்டுபவர்களுக்கு அது பெரிய சிறப்புதான். ஆனால் பானட்டுக்குள் வெப்பத்தில் உட்காரவைத்து, கட்டுப்பாடில்லாத சார்ஜும் கொடுத்தால் மற்றவற்றைவிட வேகமாகக் கெடும். பேட்டரியை சீட்டுக்கு அடியிலோ பின்பக்கமோ மாற்றி, ரெகுலேட்டரையும் சரிசெய்துவிட்டவர்கள் யோசிக்கலாம். லித்தியம் பற்றி இளைஞர்கள் கேட்கிறார்கள். போச்சம்பள்ளி பக்கம் மின்ஸ்கூட்டர் ஆலை வந்த பிறகு அந்தப் பேச்சு நம் ஊரில் கூடிவிட்டது. பழைய ஆல்டர்நேட்டர், சூடான பானட், கட்டுப்பாடில்லாத வோல்டேஜ் மூன்றும் லித்தியத்துக்கு ஆகாதவை. இந்த வண்டிகளுக்கு வேண்டாம்.

மூடி கழற்றும் பேட்டரி என்றதும் தண்ணீர் பற்றிச் சொல்லியாக வேண்டும். தருமபுரி, கிருஷ்ணகிரி நிலத்தடி நீரின் குணம் ஊரறிந்தது. ஃப்ளோரைடு பாதிப்பிலிருந்து மக்களைக் காக்கவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்து 2013-ல் தொடங்கிவைக்கப்பட்டது. அப்படிப்பட்ட போர் தண்ணீரை அவசரத்துக்கு பேட்டரியில் ஊற்றுவதை நான் பார்த்திருக்கிறேன். அதில் கரைந்திருக்கும் இரும்பும் குளோரைடும் மற்ற உப்புகளும் தகடுகளில் வேலை செய்யத் தொடங்கிவிடும். வண்டி நின்றாலும் பேட்டரி தானாக இறங்கும். காய்ச்சி ஆறவைத்த தண்ணீரும் உதவாது, காய்ச்சினால் உப்பு போகாது. கடையில் விற்கும் டிஸ்டில்டு வாட்டர் மட்டுமே. அமிலம் ஊற்றவே கூடாது. வெளியே சிந்தினால் ஒழிய அமிலம் குறைவதில்லை, தண்ணீர்தான் போகிறது.

இப்போது ஆம்பியர். பெட்டியில் 80 ஆம்பியர்-மணி என்றிருந்தால், 4 ஆம்பியர் வீதம் 20 மணிநேரம் கொடுக்கும் என்று பொருள். எண்பது ஆம்பியரை ஒரு மணிநேரம் கொடுக்கும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. வேகமாக எடுத்தால் மொத்தம் குறைந்துவிடும். டீசல் ஜீப்புக்கு வழக்கமாக 70-லிருந்து 90 வரையும், ஜிப்ஸிபோன்ற சிறிய பெட்ரோல் வண்டிக்கு 35-லிருந்து 45 வரையும் போடுகிறார்கள். டீசலுக்கு ஏன் இவ்வளவு வித்தியாசம்? டீசல் இன்ஜின் காற்றை அழுத்திச் சூடாக்கியே டீசலை எரிய வைப்பதால் அதன் அழுத்தவிகிதம் பெட்ரோலைவிட இரண்டு மடங்குக்கு மேல். அதைச் சுற்ற செல்ஃப் மோட்டார் நூற்றுக்கணக்கான ஆம்பியரை இழுக்கும். அதோடு எம்எம் 540 போன்றவற்றில் வந்த பியூஜோ வடிவமைப்பு டீசல் இன்ஜினுக்கு முதலில் ஹீட்டர் பிளக் சூடாக வேண்டும். நாலு பிளக்கும் சேர்ந்து 40 ஆம்பியர் பக்கம் எடுக்கும்.

ஆனாலும் கணக்குப் போட்டுப் பார்த்தால் ஒரு ஸ்டார்ட்டுக்குச் செலவாவது மிகக் கொஞ்சம். செல்ஃப் 250 ஆம்பியரை மூன்று வினாடி எடுத்தால் அது 0.2 ஆம்பியர்-மணி. ஹீட்டர் பிளக் 40 ஆம்பியரை 15 வினாடி எடுத்தால் 0.17. இரண்டும் சேர்ந்து அரை ஆம்பியர்-மணிகூட இல்லை. ஆல்டர்நேட்டர் அதைச் சில நிமிடங்களில் திருப்பிக் கொடுத்துவிடும். ‘பெரிய பேட்டரி போட்டால் டைனமோ எரிஞ்சிடும்’ என்று ஒரு பேச்சு உண்டு. அது சரியில்லை. எடுத்ததைத்தான் திருப்பிக் கொடுக்க வேண்டும்; தொட்டி பெரிதானால் எடுப்பது அதிகமாகாது. இன்ஜினை அணைத்துவிட்டு 100 வாட் விளக்கு இரண்டை எரியவிட்டால் கதை வேறு. 16 ஆம்பியர் போகும், ஒரு மணிநேரத்தில் 16 ஆம்பியர்-மணி காலி. கூடுதல் விளக்கு, சின்ன ஃப்ரிட்ஜ், இரவில் முகாம் என்று இருப்பவர்கள் ஆம்பியர்-மணியைக் கூட்டுவது நியாயம். மற்றவர்கள் தயாரிப்பாளர் சொன்ன அளவையே வாங்கி, மிச்சப் பணத்தைக் கேபிளில் போடலாம். சிக்கிக்கொண்ட வண்டியைக் கம்பி வடத்தால் இழுக்கும் மின்மோட்டாரான விஞ்ச் வைத்தவர்களுக்கு ஒன்று: பெரிய விஞ்ச் முழுப் பாரத்தில் 400 ஆம்பியர் வரை இழுக்கும், பழைய ஆல்டர்நேட்டர் கொடுப்பதோ 35, 40. மிச்சமெல்லாம் பேட்டரியிலிருந்துதான். அதனால் விஞ்ச் ஓடும்போது இன்ஜின் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், கொஞ்சம் இழுத்து கொஞ்சம் நிறுத்த வேண்டும்.

கேபிள் என்று சொன்னேன். ‘பேட்டரி போச்சு’ என்று முடிவுகட்டும் பல வண்டிகளில் போனது கேபிள். முப்பது வருஷத்துப் பழைய தாமிரம் காப்புறைக்குள்ளேயே பச்சை பூத்துக் கிடக்கும். சோதனை எளிது: ஒருவர் செல்ஃப் அடிக்க, மீட்டரின் ஒரு முனையை பேட்டரி பிளஸ் டெர்மினல் குமிழிலும் மறுமுனையை செல்ஃப் மோட்டாரின் பெரிய போல்ட்டிலும் வையுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் வழியில் எங்கோ அடைப்பு. அதேபோல் மைனஸ் குமிழுக்கும் இன்ஜின் பிளாக்குக்கும் நடுவில் 0.3-க்கு மேல் போகக் கூடாது. பாடிக்குப் பெயின்ட் அடிக்கும்போது எர்த் பட்டை மாட்டும் இடத்திலும் சேர்த்து அடித்துவிடுவார்கள். அந்த ஒரு ரூபாய் நாணயம் அளவு பெயின்ட்டைச் சுரண்டியதும் உயிர்பெற்ற ஜீப்புகள் உண்டு.

அளவும் குமிழும் அடுத்து. பல பேட்டரிகளில் ஜப்பானிய முறைக் குறியீடு இருக்கும். ‘105டி31ஆர்’ என்றால் நடுவிலுள்ள 31 என்பது ஏறக்குறைய நீளம், சென்டிமீட்டரில். ‘டி’ என்பது அகல உயர வகை, 17 சென்டிமீட்டர் சொச்சம் அகலம். முதலில் உள்ள 105 திறன் தரவரிசை; அதை ஆம்பியர்-மணி என்று நினைத்து ஏமாறுபவர்கள் அதிகம். கடைசி எழுத்துதான் ஆளைக் கவிழ்ப்பது. குமிழ்கள் உங்கள் பக்கம் இருக்கும்படி பேட்டரியை வைத்தால், ‘எல்’ வகையில் மைனஸ் இடப்பக்கமும் பிளஸ் வலப்பக்கமும் வரும். ‘ஆர்’ வகையில் மாறி வரும். மாற்றி வாங்கிவிட்டால் கேபிள் எட்டாது. எட்டவைக்க இழுத்துக் கட்டினால் குலுக்கலில் குமிழின் வேர் விட்டுவிடும். அதைவிட மோசம், அவசரத்தில் மாற்றி மாட்டினால் ஆல்டர்நேட்டரின் டயோடுகள் அந்த நொடியே போய்விடும். பானட் மூடும்போது பிளஸ் குமிழ் தகரத்தில் இடிக்காத உயரம் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். உயரமான பேட்டரி போட்டுத் தீப்பொறி பறந்த வண்டிகள் உண்டு.

கிராமங்களில் டிராக்டர் பேட்டரியை ஜீப்பில் மாற்றிப் போடுவது வழக்கம். அதில் தவறு இல்லை. அது டீசல் இன்ஜினைச் சுற்றுவதற்கும் வயல்காட்டுக் குலுக்கலுக்கும் செய்ததுதான். தட்டில் பொருந்த வேண்டும், அவ்வளவுதான். இன்வெர்ட்டர் பேட்டரியை மட்டும் போடாதீர்கள். அதன் தடித்த தகடுகள் மெதுவாக நெடுநேரம் கொடுக்கச் செய்தவை. செல்ஃப் கேட்கும் வேகத்தில் அவற்றால் தள்ள முடியாது.

கடையில் பார்க்க வேண்டியது தயாரித்த மாதம். எக்ஸைடுக்கு ஓசூர் தாலுகாவிலேயே ஆலை இருக்கிறது. அமரான் எல்லை தாண்டிய திருப்பதி, சித்தூர் பக்கத்திலிருந்து வருகிறது. இரண்டும் நமக்குப் பக்கம்தான் என்றாலும், கடை அலமாரியில் எத்தனை மாதம் தூங்கியது என்பதுதான் கணக்கு. தேதிக் குறியீட்டைப் படித்துக்காட்டச் சொல்லுங்கள். ஆறு மாதத்துக்கு மேல் ஆனதை வாங்காதீர்கள். மீட்டரை வைத்து 12.5-க்குக் குறைவாக இருந்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். வாரண்டி அட்டையில் ‘24+24’ என்பதுபோல இருந்தால் முதல் பாதிதான் இலவச மாற்று. அடுத்த பாதியில் தள்ளுபடி விலையில் புதியது கொடுப்பார்கள். அட்டையில் வண்டியின் பெயரைச் சரியாக எழுதி வாங்குங்கள். வாடகை வண்டிக்குப் பல பேட்டரிகளில் வாரண்டி காலம் குறைவு. பழைய பேட்டரியைக் கடையிலேயே கொடுத்து விலையில் கழித்துக்கொள்ளுங்கள். அதன் எடையில் பாதிக்கு மேல் ஈயம். 2022-ல் வந்த பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி அதைத் திரும்பச் சேகரிப்பது தயாரிப்பாளரின் பொறுப்பு. வீட்டுக்கு வரும் பழைய இரும்புக்காரரிடம் போட்டால் எங்கோ திறந்தவெளியில் அமிலம் மண்ணில் கொட்டப்படும், ஈயம் உருக்கப்படும். அந்தப் புகையைச் சுவாசிக்கப்போவது யார் பிள்ளையோ.

இந்த வண்டிகளில் பல மாங்காய் சீசனுக்கு ஓடிவிட்டு ஆடிக்குப் பிறகு கொட்டகையில் நிற்கும். அப்படி நிறுத்தினால் மைனஸ் கேபிளைக் கழற்றி வையுங்கள், அல்லது ஒரு கட்-ஆஃப் சுவிட்ச் போட்டுவிடுங்கள். மாதம் ஒருமுறை ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து அணைப்பதில் பெரிய பயன் இல்லை. சின்ன சார்ஜர் ஒன்றை ஒரு இரவு மாட்டிவிடுவது மேல், அல்லது அரைமணி நேரம் வண்டியை ஓட்டிவிட்டு வர வேண்டும்.

மாட்டும்போது முதலில் பிளஸ், கடைசியில் மைனஸ். கழற்றும்போது முதலில் மைனஸ். மைனஸ் இணைந்திருக்கும்போது பிளஸ்ஸை முடுக்கும் ஸ்பேனர் பாடியில் பட்டால் நேரடி ஷார்ட். பேட்டரிக்கு மேல் ஹைட்ரஜன் இருந்தால் வெடிக்கும். மாட்டி முடித்ததும் குமிழ்களில் கொஞ்சம் வாசலின் தடவிவிடலாம்.

அந்த ரெகுலேட்டர் எர்த்தைச் சரிசெய்த பிறகு நான் வாங்கியது மூடி கழற்றும் சாதாரண 80 ஆம்பியர்-மணி பேட்டரி. புதுத் தட்டும் பட்டையும் செய்து மாட்டினேன். அந்த வாரமே ஜீப்போடு மறுபடி வத்தல்மலை ஏறினேன். இரவு அங்கேயே தங்கி, காலையில் பனி விலகும் முன் மீட்டரை வைத்தேன். 12.6 காட்டியது. ஹீட்டரை ஒரு பத்து எண்ணும்வரை வைத்துவிட்டுச் சாவியைத் திருப்பினேன். முதல் சுற்றிலேயே எடுத்தது. இப்போது மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஆறு மூடிகளையும் திறந்து பார்க்கிறேன். தண்ணீர் போட்ட கோட்டிலேயே நிற்கிறது.